மரத்தை அறுக்கலாம், மண்டையை?

பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்களில் பலர், பக்கத்திலுள்ள கல்மரப் பூங்காவையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறுவார்கள். அங்கே கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள். வெளியே பார்த்தால் என்ன மரமென்று தெரியாது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் இனம் தெரியும்.

மரத்தை அறுக்கலாம். உயிரோடிருப்பவரின் மண்டையை?

1895-ல் எக்ஸ்ரே வந்தது. சென்னை பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. ஆனால் எக்ஸ்ரே வெறும் நிழல். மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. கட்டி இருக்கிறதா என்று பார்க்க, முதுகுத்தண்டில் ஊசி குத்தி, நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றிப் படம் பிடித்தார்கள். நோயாளி தலைவலியிலும் வாந்தியிலும் துவண்டுபோவார்.

பல கோணங்களில் எடுத்த நிழல்களைச் சேர்த்துக் குறுக்குவெட்டுப் படத்தைக் கணக்குப் போட்டே வரைந்துவிடலாம் என்பது சி.டி. ஸ்கேனின் அடிப்படை. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த இயந்திரம், 1971 அக்டோபர் 1 அன்று, மூளைக்கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணை முதன்முதலாகப் படமெடுத்தது.

அதற்கு முந்தைய மாதம் அமெரிக்க அறிவியல் இதழொன்றில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும். கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த அதே ராமச்சந்திரன்தான். கட்டுரை வந்தபோது அவர் பெங்களூருக்குப் போயிருந்தார்.

நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் படம் கிடைக்கும், ஆனால் மை ஊறிய தாளைப்போலக் கலங்கலாக இருக்கும். அந்தக் கட்டுரை சொன்ன வழி இது: பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியில் இட்டு எடுத்தால், கலங்கல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு விளிம்புகள் தெளியும். சுற்றிவளைக்காமல் கணினி சட்டென்று முடிக்கக்கூடிய கணக்கு. பிற்கால ஸ்கேன் இயந்திரங்கள் பல பத்தாண்டுகள் இந்த வகைக் கணக்கில்தான் ஓடின.

1979-ல் சி.டி. ஸ்கேனுக்கான மருத்துவ நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதன் கணக்கில் முன்பே தனியாக உழைத்த கார்மாக்குக்கும் போனது. மென்பொருள்களிலோ அந்த வடிகட்டிக்கு, ராமச்சந்திரன்-லட்சுமிநாராயணன் என்பதைச் சுருக்கி, இன்றும் ‘ராம்-லாக்’ என்றே பெயர். மூளையைத் தாக்கும் பார்க்கின்சன் நோயோடு கடைசிக் காலத்தைக் கழித்த ராமச்சந்திரன், 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

சி.டி. ஸ்கேன் இப்போது ஆஸ்பத்திரியைத் தாண்டியும் போய்விட்டது. உலகின் பல ஆய்வகங்களில் கல்லாகிப்போன தாவரங்களையும் எலும்புகளையும் அறுக்காமலே, அதை வைத்து உள்ளே பார்க்கிறார்கள்.