எண் 197087: ஒரு வெள்ளரி ரகத்தின் வரலாறு

வெள்ளரி குளிரைத் தாங்காத கொடி. மண் சூடேறாத நிலத்தில் அதன் விதை முளைக்காமல் அழுகிவிடும். ஓர் இரவு உறைபனி விழுந்தால் காய்த்துக்கொண்டிருக்கும் செடியும் மறுநாள் கருகித் தொங்கும். ஆகவே தோட்டக்கலை நூல்களும் விதை விற்பனைப் பட்டியல்களும் ஒரு வெள்ளரி ரகத்தைத் திடமானது, நன்றாகக் காய்ப்பது என்று குறிக்கும்போது, அந்தத் திடம் பெரும்பாலும் இலை நோய்களைத் தாங்கும் திறனையே சுட்டுகிறது. இலை பச்சையாக இருக்கும் வரை கொடி புதிய கணுக்களை விட்டு, கணுதோறும் பூத்து, வாரக்கணக்கில் பிஞ்சு தரும். இலை காய்ந்துவிட்டால் வேரும் நீரும் எருவும் இருந்தும் காய்ப்பு நின்றுபோகும். வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கொடிகளை மட்டும் பந்தலில் ஏற்றி, மருந்து தெளிக்க மனமின்றி வளர்ப்பவருக்கு இவ்விரண்டு பண்புகளும் உண்மையில் ஒன்றே. பாயின்செட் என்னும் ரகத்தின் வரலாறு இந்தத் திடம் எங்கிருந்து எங்கே போய், மீண்டும் எங்கே வந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

வெள்ளரிக் கொடியின் முதற்பகை அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்குள் அடைபட்ட கோணலான மஞ்சள் கட்டங்களும், ஈரமான காலை வேளையில் அடிப்புறத்தில் சாம்பல் ஊதா நிறப் பூஞ்சணமும் தோன்றும் என்பதால் இப்பெயர் பெற்றது. இலையின் மேற்புறத்தில் வெள்ளை மாவு படிவதைப் போல் காணப்படும் சாம்பல் நோய் இதிலிருந்து வேறானது. இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் பூஞ்சணம் போல் தோன்றினாலும் உண்மைப் பூஞ்சணங்களுடன் உறவுடையதன்று. நீர்ப்பூசணங்கள் எனப்படும் வேறொரு கிளையைச் சேர்ந்தது. 1868-இல் கியூபாவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு முதன்முதலில் விவரிக்கப்பட்டதால் அதன் அறிவியற் பெயரில் இன்றும் கியூபா ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது உயிருள்ள இலையில் மட்டுமே வாழ வல்லது. எனவே குளிர்காலத்தில் கொடிகள் மடியும் நாடுகளில் அங்கேயே தங்குவதில்லை, ஆண்டுதோறும் வெப்பமான தென்பகுதிகளிலிருந்து காற்றில் மிதந்து வடக்கே செல்கிறது. காயை அது தொடுவதில்லை. இலையை மட்டும் தின்றுவிட்டு, நிழலிழந்த காயை வெயிலுக்கும் வெம்பலுக்கும் விட்டுவிடுகிறது.

இதற்கான மாற்று எங்கே தேடப்பட்டது என்பதை அறிய, வெள்ளரியின் பிறப்பிடத்தை முதலில் கருத வேண்டும். பயிராகும் வெள்ளரியின் காட்டு உறவான ஹார்ட்விக்கி என்னும் கொடி இமயமலை அடிவாரங்களில் இன்றும் வளர்கிறது. அதன் காய் சிறியது, கடுங்கசப்பானது. பிரிட்டிஷ் படை அதிகாரியும் இயற்கை ஆய்வாளருமான தாமஸ் ஹார்ட்விக்கின் பெயரால் 1835-இல் தாவரவியலாளர் ராயில் அதை விவரித்தார். 2013-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வொன்று 115 வெள்ளரி வகைகளை ஒப்பிட்டு, மரபு வேறுபாடு இந்தியத் தொகுதியிலேயே மிக அதிகமாக இருப்பதைக் காட்டியது. இந்தியாவே வெள்ளரியின் தாயகம் என்ற பழைய கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. ஒரு பயிர் எங்கு நெடுங்காலம் வாழ்ந்ததோ அங்கேயே அதன் நோய்களும் பெரும்பாலும் வாழ்ந்திருக்கும், அந்நோய்களைத் தாங்கப் பழகிய கொடிகளும் அங்கேயே கிடைக்கும் என்பது பயிர் வளர்ப்பாளர்கள் நம்பி நடக்கும் பொதுவிதி.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றையும் குறிப்பிட வேண்டியுள்ளது. தமிழில் வெள்ளரி என்னும் ஒரே சொல் இரண்டு தனி இனங்களைத் தழுவுகிறது: ஒன்று 7 இணைக் குரோமோசோம்கள், அதாவது மரபுப் பண்புகளைச் சுமக்கும் நுண்ணிழைகள், கொண்ட உண்மை வெள்ளரி, மற்றது 12 இணை கொண்ட முலாம்பழ இனத்தின் காய்வகைகள். பழுத்து வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழம் இந்த இரண்டாம் இனத்தது. இவை ஒன்றோடொன்று கலந்து விதை தருவதில்லை. இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசர் திபேரியஸ் நாள்தோறும் வெள்ளரிக்காய் உண்டார் என்றும், அவருக்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் கொடி வளர்த்து வெயிலைத் தேடி நகர்த்தினர் என்றும் பிளினி எழுதியதை ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் நெடுங்காலம் வெள்ளரி வரலாற்றின் தொடக்கமாகவே சொல்லிவந்தன. ஆனால் பழைய ஓவியங்களையும் உரைகளையும் ஆராய்ந்த ஜானிக், பாரிஸ் முதலிய அறிஞர்கள் அது நீண்டு வளைந்த பாம்பு முலாம்பழமாகவே இருந்திருக்க வேண்டும் என்று 2007-இல் நிறுவினர். உண்மை வெள்ளரி இடைக்காலத்தில்தான் பாரசீகம் வழியாகவும் கடல் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்தது. பேரரசரின் சக்கரப் பாத்தி வெள்ளரியின் கதையன்று என்பது சற்று ஏமாற்றமே.

அமெரிக்காவில் வெள்ளரி ரகங்களைத் தெரிவு செய்யும் பணி தொடக்கத்தில் காயின் அழகையே குறியாகக் கொண்டிருந்தது. 1935-இல் அனைத்து அமெரிக்கத் தெரிவு விருது பெற்ற ஸ்ட்ரெய்ட் எய்ட், தன் பெயருக்கேற்ப, எட்டு அங்குலம் நேராக வளரும் காய்க்காகப் புகழ்பெற்றது. அதற்கு முன்பே வேறொரு தேவை எழுந்திருந்தது. 1916-இல் அடையாளம் காணப்பட்ட தேமல் நோய், அதாவது இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகப் படர்ந்து செடியைக் குறுக்கும் நச்சுயிரி நோய், வணிகத் தோட்டங்களை அழித்துவந்தது. அதற்கான எதிர்ப்புத்திறன் 1920-களின் இறுதியில் சைனீஸ் லாங், டோக்கியோ லாங் கிரீன் ஆகிய கிழக்காசிய ரகங்களில் கண்டறியப்பட்டது. சந்தையில் விலைபோகாத அயல்நாட்டு ரகமும் மரபு வளமாகப் பயன்படும் என்ற எண்ணம் வெள்ளரித் துறையில் அப்போதிருந்தே வேரூன்றியது.

அயல்நாட்டு விதைகளைத் திரட்டுவதற்கென்றே அமெரிக்க வேளாண்மைத் துறை 1898-இல் ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. அங்கு வந்துசேரும் ஒவ்வொரு விதைப் பொட்டலமும் வரிசை எண் ஒன்றைப் பெறும். முதல் எண் ரஷ்யாவிலிருந்து வந்த முட்டைக்கோஸுக்கு வழங்கப்பட்டது. விளைவித்த ஊரின் வழக்குப் பெயரும் விதையைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பமும் அந்தப் பதிவேட்டின் பார்வைக்கு முக்கியமாகப் படவில்லை, எண்ணே பெயராயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலிருந்து சென்ற ஒரு வெள்ளரி விதை அவ்வாறு 197087 என்ற எண்ணைப் பெற்றது.

அப்போது தென் கரோலினா மாநிலத்தின் கடற்கரை நகரமான சார்ல்ஸ்டனில், கிளெம்சன் கல்லூரியின் காய்கறி ஆய்வு நிலையம் அடிச்சாம்பல் நோயுடன் போராடிக்கொண்டிருந்தது. வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த அக்கடற்கரையில் நோய் பருவந்தோறும் தவறாமல் வந்தது. அந்நிலையத்தின் டபிள்யூ. சி. பார்ன்ஸ் 1948-இல் பால்மெட்டோ என்னும் எதிர்ப்பு ரகத்தை வெளியிட்டார். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த ரகம் நோய்க்கு இலக்காகத் தொடங்கியதைப் பார்ன்ஸும் டபிள்யூ. எம். எப்ஸும் தாங்களே பதிவு செய்தனர். தாம் உருவாக்கிய ரகத்தின் தோல்வியைத் தாமே அச்சிட்டுச் சொல்லும் நேர்மை அத்துறையில் அரிதானது என்பதால் இதைத் தனித்துச் சொல்வது தகும். அடுத்து 1954-இல் அவ்விருவரும் 197087-இல் அதுவரை அறியப்படாத வகை எதிர்ப்பு ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். மற்ற ரகங்களின் இலையில் நோய்க்கட்டம் மஞ்சளாக விரிந்து வித்துகளைப் பெருக்கியபோது, இந்த இந்தியக் கொடியின் இலையில் நோய் தொட்ட இடம் சிறு பழுப்புப் புள்ளியாகக் காய்ந்து அத்துடன் நின்றுவிட்டது. ஆந்த்ராக்னோஸ் எனப்படும் கருகல் நோயையும் அக்கொடி தாங்கியது தெரியவந்தது.

ஆயினும் அதை அப்படியே சந்தைக்கு அனுப்ப இயலாது. அமெரிக்கச் சந்தை கேட்டது கரும்பச்சை நிறமும், வெண்முள்ளும், ஒரே சீரான நீளமும் கொண்ட காய். எனவே 197087-ஐச் சந்தை ரகங்களுடன் கலந்து, வழித்தோன்றல்களில் எதிர்ப்புத்திறன் உள்ளவற்றைப் பொறுக்கி, அவற்றை மீண்டும் கலந்து தெரிவு செய்யும் பணி பல ஆண்டுகள் நடந்தது. அதன் விளைவாக 1966-இல் வெளிவந்த ரகமே பாயின்செட். காய் ஏறத்தாழ ஒரு சாண் நீளமும் இருமுனையும் மழுங்கிய உருளை வடிவும் உடையது. கொடி நெடிது படர்வது.

பாயின்செட்டுக்குக் குளிர்ப்பகுதிகளின் சொறி நோயை, அதாவது காயின் தோலில் பள்ளமும் பிசினும் உண்டாக்கும் நோயை, எதிர்க்கும் ஆற்றல் இல்லை. அக்குறையை நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹென்றி மங்கர் நீக்கி, பாயின்செட் 76 என்னும் வடிவத்தை அளித்தார். அவருடைய மார்க்கெட்மோர் வரிசை ரகங்கள், குறிப்பாக மார்க்கெட்மோர் 76, அமெரிக்க வீட்டுத் தோட்டக்காரர்களிடையே இன்றும் முதலிடம் பெறும் வெள்ளரிகளுள் அடங்கும். பல நோய்களின் எதிர்ப்பை ஒரே செடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மங்கரின் முறை. பின்னர் வந்த மார்க்கெட்மோர் 80-இல் கசப்பையும் நீக்கினார். கசப்பற்ற கொடியை வெள்ளரி வண்டு அவ்வளவாக நாடுவதில்லை, ஆனால் சிலந்திப் பேன் கூடுதலாக நாடுகிறது என்று ஆய்வுகள் கண்டன. ஒரு கதவை அடைத்தால் மறு கதவு திறக்கும் என்பதற்கு இதைவிடத் தக்க சான்று வேண்டியதில்லை.

இதே காலத்தில் வணிக வேளாண்மை வேறு திசையில் சென்றது. வெள்ளரிக் கொடி இயல்பாக ஆண் பூவையும் பெண் பூவையும் தனித்தனியே பூப்பது. முதலில் ஆண் பூக்களே மிகுதியாக வரும், அடியில் சிறு பிஞ்சுடன் தோன்றும் பெண் பூ பின்னரே வரும். கொரியாவிலிருந்து கிடைத்த ஷோகோயின் என்னும் வகையில் பெண் பூக்களே மிகுந்திருப்பதைக் கண்ட மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர், அப்பண்பைப் பயன்படுத்தி 1960-களின் தொடக்கத்தில் ஸ்பார்ட்டன் டான் என்னும் வீரிய ஒட்டுரகத்தை உருவாக்கினர். கொடி முழுவதும் ஒரே நேரத்தில் காய்ப்பதால் இயந்திரத்தால் அறுவடை செய்யும் ஊறுகாய்த் தொழிலுக்கு அது வரமாயிற்று. வீட்டுத் தோட்டத்திற்கு அத்தகைய காய்ப்பு அவ்வளவு பயன்தருவதன்று: ஒரே வாரத்தில் ஐம்பது காய் வந்து பிறகு ஒன்றுமில்லாமற்போவதைவிட, நாளுக்கு இரண்டாக இரு மாதம் வருவதே குடும்பத்துக்கு உகந்தது. மேலும் ஒட்டுரகத்தின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல் அமையாது. பாயின்செட்டும் மார்க்கெட்மோரும் ஒட்டுரகங்கள் அல்ல. ஒரு காயைக் கொடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையைச் சோற்றோடு பிரித்து, ஓரிரு நாள் புளிக்கவைத்துக் கழுவி உலர்த்தினால், அருகில் வேறு வெள்ளரி ரகம் இல்லாதபட்சத்தில், அதே ரகம் மறு ஆண்டும் கிடைக்கும். தேனீ வேலியைப் பார்ப்பதில்லை என்பதால் அந்த நிபந்தனை இன்றியமையாதது.

பாயின்செட் பின்னர் இந்தியாவுக்கு அயல்நாட்டு ரகமாக வந்தது. ஜப்பானீஸ் லாங் கிரீன், ஸ்ட்ரெய்ட் எய்ட் ஆகியவற்றுடன் அது இந்தியத் தோட்டக்கலைப் பாடநூல்களிலும், தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரைகளிலும் இடம்பெற்றது. மாடித் தோட்டத்திற்கென்று விற்கப்படும் விதை உறைகளிலும் அப்பெயரைக் காணலாம். அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் என்று அந்நூல்கள் அதைப் போற்றுகின்றன. அந்தத் தாங்கும் திறன் ஓர் இந்திய வயலிலிருந்து சென்றது என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. இதைக் களவு என்பது மிகையாகும்: விதை வெளிப்படையாகப் பெறப்பட்டது, அக்காலத்தில் பயிர் விதை மனித குலத்தின் பொதுச்சொத்தாகவே கருதப்பட்டது, விளைந்த ரகமும் எவரும் பயிரிடத்தக்கதாகவே வெளியிடப்பட்டது. நாடுகளுக்குத் தத்தம் மரபு வளத்தின்மீது உரிமை உண்டு என்பது 1992-ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கையில்தான் ஏற்கப்பட்டது. அதையொட்டி இந்தியாவில் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டது. ஆயினும் ரகத்துக்கு ஆங்கிலப் பெயரும், வளர்த்தெடுத்தவருக்குப் புகழும், மூலக்கொடிக்கு வெறும் எண்ணும் வாய்த்த இந்தப் பங்கீடு நேரானது என்று கருதுவதற்கில்லை.

197087 தந்த எதிர்ப்பு ஏறத்தாழ 40 ஆண்டுகள் அமெரிக்க வயல்களைக் காத்தது. நோய் எதிர்ப்பு ரகங்கள் பத்தாண்டு நிலைப்பதே அரிது என்ற நிலையில் இது வியப்பானது. 2019-இல் வெளியான ஆய்வு அதன் காரணத்தைச் சொன்னது: இலை முதிரும்போது பச்சையத்தைச் சிதைக்கும் பணியைத் தூண்டும் ஒரு மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருக்கிறது. அம்மாற்றத்தால் நோய் தொட்ட இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே நிற்கிறது. அடிச்சாம்பல் நோய், கருகல் நோய், பாக்டீரியா இலைப்புள்ளி நோய் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே மாற்றம் அணையாக நிற்கிறது. நோயை அடித்து விரட்டும் ஆற்றல் அன்று அது. நோய்க்குத் துணைபோகும் வழியை அடைத்துவைக்கும் குறைபாடு. நோயுயிர் எளிதில் அதைச் சுற்றிச் செல்ல முடியாமற்போனதற்கு அதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

ஆனால் 2004-இல் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் அடிச்சாம்பல் நோயின் புதிய வடிவம் பரவியபோது அந்த அணை முன்போல் போதுமானதாக இருக்கவில்லை. பழைய எதிர்ப்பு ரகங்களும் இலையிழந்தன. வட கரோலினாவின் ஆய்வாளர்கள் தேசிய விதை வங்கியில் காத்துவைக்கப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளரி வகைகளை வயலில் விதைத்து நோய்க்கு விட்டுப் பார்த்தனர். பெரும்பாலானவை வீழ்ந்தன. மிக நன்றாகத் தாங்கிய சிலவற்றுள் ஒன்று, தாமதமாகப் பூப்பதும் சந்தைத் தோற்றம் இல்லாததுமான ஒரு கொடி. இன்று வளர்ப்புத் திட்டங்களில் புதிய எதிர்ப்புக்கு முக்கிய மூலமாகப் பயன்படுபவற்றுள் அது ஒன்று. அதுவும் இந்தியாவிலிருந்து சென்ற விதை. பதிவேட்டில் பாயின்செட்டின் மூதாதைக்கு அடுத்த வரியில் இருப்பது. அதன் எண் 197088.