சாகாவும் பெட்ரோல் வாடையும்

1985 ஜூலையில் மலேசியாவின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா, ஷா ஆலம் ஆலையிலிருந்து வெளிவந்தது. உள்ளே இருந்ததோ மிட்சுபிஷியின் கார்புரேட்டர் எஞ்சின்!

கார்புரேட்டர் கார்களுக்கு ஒரு குணம் உண்டு. கிள்ளான் வெயிலில் ஓடிவந்து நிறுத்தினால் சற்று நேரத்தில் பெட்ரோல் வாடை கிளம்பும். எஞ்சின் அணைந்தாலும் சூடு உடனே தணியாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகும். அது பெரும்பாலும் இயல்புதான். இரவெல்லாம் ஆறிய காரும் காலையில் நாறினால்தான் சந்தேகம்: வெடிப்பு விட்ட ரப்பர் குழாயா, தளர்ந்த கிளிப்பா, தேய்ந்த டாங்கி மூடியா? மூக்கும் டார்ச் விளக்குமே முதல் கருவிகள்.

பின்னர் கார்புரேட்டருக்குப் பதிலாக இஎஃப்ஐ எனும் மின்னணு எரிபொருள் செலுத்து முறை வந்தது. 2005இல் அறிமுகமான பெரோடுவா மைவியில் கார்புரேட்டரே இல்லை. ஆனால் இம்முறையில் குழாய்க்குள் அழுத்தம் பல மடங்கு அதிகம். சிறு விரிசலிலும் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும்.