கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும்

சில ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் ஓர் ஐயத்துடன் என்னிடம் வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான சிறு நூலொன்றின் பெயரைப் பழைய முன்னுரை ஒன்றில் கண்டிருக்கிறார். அந்நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பல்கலைக்கழக நூலகத்தின் கணினி முன் அமர்ந்து, வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல்களைத் துழாவினேன். கால் மணி நேரத்தில் விடை சொல்லிவிட்டேன்: "அப்படியொரு நூல் அச்சானதாகத் தெரியவில்லை." அவரும் என் சொல்லை நம்பி அதைத் தம் ஆய்வேட்டில் எழுதினார். மறு ஆண்டு வேறொன்றைத் தேடப்போய், அதே நூலை அதே பட்டியலில் வேறோர் எழுத்துக்கூட்டலில் கண்டேன். அதற்குள் அவர் பட்டமும் பெற்றுவிட்டார்.

அந்தப் பிழைக்குப் பிறகுதான், நாம் எளிதாகத் தட்டித் தேடும் இந்த மின்னணு ஆவணங்களின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலானேன்.

மேலை நாட்டு நூலகங்கள் தமிழ் நூற்பெயர்களை ரோமன் எழுத்தில் பதிவதற்குக் கைக்கொண்ட முறை, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் முறையை ஒட்டியது. அது ஒலியைப் பெயர்ப்பதன்று, எழுத்தைப் பெயர்ப்பது. சகரம் எங்கே வந்தாலும் ரோமன் வரிசையின் மூன்றாம் எழுத்தாகிய 'சி'. ககரம் எங்கே வந்தாலும் 'கே'. ஆகவே சங்கம் என்ற சொல்லை நம் நாவில் ஒலிப்பதுபோல 'எஸ்' இட்டுத் தொடங்கி, நடுவில் 'ஜி' இட்டுத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். சிலப்பதிகாரத்திற்கும் இதே கதிதான். தமிழ் எழுத்திலேயே தேடும் வசதி இன்று பல பட்டியல்களில் வந்துவிட்டது. ஆயினும் பழைய பதிவுகள் பல ரோமன் எழுத்தில் மட்டுமே உறங்குகின்றன. நான் தவறியதும் இந்த இடத்தில்தான்.

ஆண்டுக் கணக்கிலும் இப்படியொரு பொறி உண்டு. பழைய அச்சு நூல்கள் சிலவற்றின் முகப்பில் ஆங்கில ஆண்டு இராது; அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருக்கும். 'பிங்கள வருடம்' என்றிருந்தால் அது 1857இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1917இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். தாளையும் எழுத்து வார்ப்பையும் பார்த்து, பட்டியல் செய்தவர் ஒன்றை முடிவு செய்திருப்பார். கணினித் திரையில் நாம் காணும் நான்கு இலக்கங்கள் சில வேளை ஒரு மனிதரின் ஊகம்.

பட்டியலைத் தாண்டி நூலுக்குள்ளேயே சொல் தேடும்போது இடர் இன்னும் கூடுகிறது. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகள் வேறு வடிவில் அச்சாயின. புதிய வடிவங்களில் மட்டும் பழகிய எழுத்துணரி மென்பொருள் பழைய நூலின் முன் தடுமாறுகிறது. ஏட்டுச்சுவடியிலோ மெய்க்குப் புள்ளி இல்லை; எகர ஏகார வேறுபாடு இல்லை; ரகரமும் காலும் ஒரே வடிவம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் இந்தக் காட்டைக் கடந்தது எப்படி? ஒரே நூலின் பல படிகளை ஒப்பிட்டார். பொருள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். ஓர் ஏட்டில் காணாததை நூலிலேயே இல்லாததாக அவர் கொண்டிருந்தால் நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. மின்னணு வடிவம் பெறுவதற்கு முன் இந்த நூல்களை யார் பாதுகாத்தார்கள்? செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்தாத சிறு நூல்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள் வரை தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று அது தரமணியில் இயங்குகிறது. நூல்கள் இங்கேயே இருக்க, அவற்றின் நுண்படமும் பட்டியலும் உலகுக்குச் சென்றன. 1998 பொங்கலையொட்டித் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் சென்றது. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டெழுதிப் பிழை பார்த்து ஏற்றினார்கள். தேடினால் ஒன்று கிடைக்கிறதென்றால், யாரோ ஒருவர் தம் கைக்காசையோ கண்பார்வையையோ அதற்காகச் செலவிட்டிருக்கிறார் என்று பொருள்.

உண்மையிலேயே இல்லாமற்போனவையும் உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அடங்கும். 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. எரிந்த ஏட்டை அதனாலும் மீட்க முடியாது. அந்த வெறுமையும் என் சோம்பலால் நேர்ந்த வெறுமையும் திரையில் ஒரே தோற்றம் கொள்கின்றன என்பதுதான் என்னை உறுத்துகிறது. 'முடிவுகள் எவையுமில்லை' என்ற ஒரே தொடர், அழிந்துபோன நூலுக்கும் அடுத்த எழுத்தில் காத்திருக்கும் நூலுக்கும் பொதுவாக நிற்கிறது.

இப்போது மாணவர்களிடம் ஒன்று மட்டும் வற்புறுத்துகிறேன். 'இல்லை' என்று எழுதாதீர்கள். இன்ன பட்டியலில், இன்ன எழுத்துக்கூட்டல்களில், இன்ன நாளில் தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். நீளமான வாக்கியந்தான், ஆனால் பின்னால் வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

பல்கலைக்கழக மானியக்குழுவின் விதிகளையொட்டி, முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் ஏற்றப்படுகின்றன. அந்த ஆய்வாளரின் ஏடும் அங்கே இருக்கிறது. நாளை அச்சிறு நூலைத் தேடி வரும் ஒருவர், நூலைக் காணுமுன், அப்படியொரு நூல் இல்லை என்ற வரியைக் காணக்கூடும். அதோடு தேடலையும் நிறுத்திக்கொள்ளக்கூடும். அவ்வரிக்கு அடிக்குறிப்பு ஏதுமில்லை. அதைச் சொன்னவன் நான் என்பதை இங்கேயாவது பதிந்து வைக்கிறேன்.