பெண்களின் உடல் பருமன்: தராசு சொல்வதும் இஞ்சு டேப் சொல்வதும்



காலில் பட்ட ஒரு சிறு காயம் ஒரு மாதமாகியும் ஆறாமல் போனபோதுதான் என் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காரணம், உம்மா ஒல்லி. உயரம் 147 செ.மீ., எடை 48 கிலோ. வயிறு மட்டும் சற்று முன்னால் இருக்கும். "ஆறு பிள்ளை பெத்த வயிறு வாப்பா" என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். பிறகு செவிலியர் ஒருவர் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்துப் பார்த்தபோது 84 செ.மீ. இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தேடிப் படித்ததில் கிடைத்த செய்திகளையே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் கணக்குகள் எந்தக் குடும்பத்தாரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கக் கூடியவைதாம்.

பி.எம்.ஐ. என்னும் கணக்கு

எடையை கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் எழுதி, அந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. ஐந்தடி உயரமுள்ள பெண் ஏறத்தாழ 1.52 மீட்டர். அவருடைய எடை 58 கிலோ என்றால், 58-ஐ 1.52-ஆல் வகுத்து, வருவதை மீண்டும் 1.52-ஆல் வகுக்க வேண்டும். விடை 25.1.

இந்த விகிதத்தை 1830களில் முதலில் முன்வைத்தவர் அடோல்ஃப் கெட்லே. இவர் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர், மருத்துவர் அல்லர். ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய அவர் போட்ட கணக்கு இது. தனி ஒருவரின் நோயைக் கண்டறிவதற்காகப் போட்டதல்ல. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுப்படி 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன். ஆனால் நம் நாட்டவருக்கு இது பொருந்தவில்லை. ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சொன்னது. 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் ஒருமித்து வெளியிட்ட வழிகாட்டுதல் 23 முதல் அதிக எடை என்றும், 25 முதல் பருமன் என்றும் வரையறுத்தது. ஆக, ஐந்தடி உயரமுள்ள நம் சகோதரிக்கு 53 கிலோவிலேயே முதல் எச்சரிக்கை, 58 கிலோவை நெருங்கும்போது அடுத்தது. "58 கிலோ ஒரு கனமா?" என்று கேட்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஏன் இந்த வேறுபாடு? புனே நகரின் மருத்துவர் யாக்னிக், இங்கிலாந்தின் மருத்துவர் யுட்கின் இருவரும் 2004-இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் நாட்டு உடல்வாகு இதுவே.

என் தாயாரின் கணக்கைப் போட்டேன். 22.2 வந்தது. இந்திய அளவுப்படியும் இயல்புதான்! தராசை மட்டும் நம்பியிருந்தால் இன்றும் நிம்மதியாக இருந்திருப்போம்.

இடுப்புச் சுற்றளவு

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். பிட்டத்திலும் தொடையிலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்வதுதான் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுத்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாரடைப்புக்கும் வழி திறக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்குக் கொழுப்பு இடம் மாறி வயிற்றில் சேரத் தொடங்குகிறது. எடை கூடாமலே இது நடக்கலாம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். டேப்பின் மறுபக்கத்தில் பார்த்தால் 31½ அங்குலம். இடுப்பளவைப் பிட்டத்தின் அளவால் வகுத்தால் 0.85-ஐத் தொடக் கூடாது. இதைவிட எளிது இன்னொன்று: இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 147 செ.மீ. உயரமுள்ள என் தாயாருக்கு 73½ செ.மீ.க்கு மேல் போயிருக்கக் கூடாது. இருந்தது 84.

அளக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பாவாடை நாடா கட்டும் இடம் அல்ல. தையல்காரர் சுடிதாருக்கு எடுக்கும் இடமும் அல்ல. விலாவின் கடைசி எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப் வர வேண்டும். கால்களைச் சேர்த்து நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் இருக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. பிட்டத்தை அதன் மிக அகன்ற பகுதியில் அளக்க வேண்டும். இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. காலையில் வெறும் வயிற்றில் எடுங்கள்; நோன்பு திறந்து இரண்டு கோப்பை கஞ்சி குடித்த பிறகு எடுத்துவிட்டுப் பதற வேண்டாம்.

இதற்கு வெளியாள் எவரும் தேவையில்லை. மகளோ லாத்தாவோ உதவினால் போதும். நம் பெண்கள் வீட்டில் நைட்டி, வெளியே அபாயா என்று தளர்வான உடையில் இருப்பதால், உடை இறுகி எச்சரிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஆகவே டேப் அவசியமாகிறது.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 40.4 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் 30.9. பிந்தைய ஆய்வில்தான் முதன்முறையாக இடுப்பையும் பிட்டத்தையும் அளந்தார்கள். நாடு முழுவதும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் 0.85-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள்.

கேலி வேண்டாம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் "கொஞ்சம் கனமோ?" என்று கேட்பதும், பிள்ளை பெற்றவளை மாமியார் வீட்டில் பட்டப்பெயர் வைத்து அழைப்பதும் நம்மிடையே உண்டு. பெண்கள் பிற பெண்களைப் பரிகசிப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆவது வசனம் தனியாகக் குறிப்பிட்டே தடுக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களோடு ஓடிப் போட்டியிட்டு வென்றதும், பின்னாளில் உடல் கனத்தபோது ஓடித் தோற்றதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றன. தம் உடல் கனத்ததை அவர்களே கூச்சமின்றிச் சொல்கிறார்கள். நபியவர்கள் அதற்காகக் குத்திக்காட்டவில்லை. முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று விளையாட்டாகவே சொன்னார்கள். கேலிக்கு அஞ்சி தராசில் ஏற மறுக்கும் பெண்ணுக்கு நோய் தாமதமாகத்தான் தெரியவரும்.

கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகாதவர்களுக்கும் இந்த அளவுகள் செல்லாது. 18 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி வரைபடம் உண்டு. 23, 25 என்ற எண்களை அவர்களிடம் சொல்லி உணவைக் குறைக்க வைக்காதீர்கள். வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அளவு கூடியிருப்பது மட்டுமே நோய் ஆகிவிடாது. பி.எம்.ஐ.யோடு இடுப்பளவும் பார்க்க வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்று தனியே சோதிக்க வேண்டும் என்றே 2025 ஜனவரியில் பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்றும் பரிந்துரைத்தது. இடுப்பு 80 செ.மீ.யைத் தாண்டியிருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்கின்றி வரும் இளம்பெண்களானால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சென்ற மாதம் என் மனைவியும் என் இரு சகோதரிகளும் அளந்து பார்த்தார்கள். எடையில் மிகக் குறைந்த இளைய சகோதரிக்குத்தான் 83 வந்தது. இந்த வாரம் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறாள், இன்ஷா அல்லாஹ்.