பழைய செங்கல் வீட்டின் வெளிப்பூச்சு: சேதமும் செப்பனிடலும்

1. வரையறை

சிமெண்ட் பரவுமுன் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கல் வீடுகளையே இங்கு ஆய்கிறோம். காரைக்குடிப் பகுதியின் செட்டிநாட்டு வீடுகள் தக்க சான்று. சுவரின் வெளிமுகத்தில் படைபடையாக ஏற்றிய சாந்தே வெளிப்பூச்சு. சுவரிலுள்ள ஈரம் ஆவியாகிப் பூச்சினூடே வெளியேறும் இயல்பை ‘ஆவிப்போக்கு’ என்போம். செங்கல்லுக்கு வரும் கேட்டைத் தான் ஏற்றுத் தேய்வதை ‘முன்னழிவு’ என்போம். சுண்ணாம்புப் பூச்சுக்கு இவ்விரண்டும் உண்டு. சிமெண்டுப் பூச்சுக்கு முன்னது குறைவு. பின்னது இல்லை என்றே சொல்லலாம்.

2. சேத வகைகள்

சேதம் மூவகை: விரிசல், பிரிவு, பொரிவு. அசைவற்ற மயிரிழை விரிசலைச் சுண்ணாம்பு வெள்ளையே அடைத்துவிடும். பிரிவு என்பது பூச்சு சுவரை விட்டு விலகி நிற்பது. கண்ணுக்குத் தெரியாது, கரணைக் காம்பால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பொரிவு என்பது உப்புப் பூத்து மேற்பரப்பு மாவாய் உதிர்வது.

3. காரணங்கள்

மழைநீர்க் குழாயின் ஒழுக்கு, சுவரில் முளைத்த அரசங்கன்று போன்றவை பார்த்த மாத்திரத்தில் புலப்படும். ஓதம் அப்படியன்று. அடித்தளத்திலிருந்து செங்கல்லின் நுண்துளை வழியே ஏறும் நீர் மண்ணின் உப்பையும் கரைத்துக் கொணர்கிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிப் பருத்து, தான் இருக்கும் துளையை உடைக்கிறது. ஆவியாதல் பூச்சில் நிகழ்ந்தால் உதிர்வது பூச்சு. பூச்சு இறுகிய சிமெண்டாயின் ஈரம் பின்னே தங்கி, உதிர்வது செங்கல். குறைந்த சூட்டில் வெந்த காளவாய்க் கல் இதை நெடுநாள் தாங்காது. “சிமெண்ட் பூசிவிட்டால் தீர்ந்தது” என்னும் அறிவுரை நோயைச் சுவருக்குள் அனுப்பும் அறிவுரை.

4. செப்பனிடும் படிநிலைகள்

முதற்படி, நீர்வரத்தை நிறுத்தி, சுவரை உலரவிடல். இதைச் செய்யாமல் பூசுவது வீண்செலவு.

இரண்டாவது, எல்லை குறித்தல். ஒட்டி நிற்கும் பழம்பூச்சைத் தொடவேண்டா. பிரிந்ததையும் பொரிந்ததையும் மட்டும் வெட்டி நீக்கலாம். முழுதும் மாற்றுவது பெரும்பாலும் பின்னாளில் ஏற்றிய சிமெண்டுப் பூச்சுக்கே தேவைப்படும். அதைக் கொத்தும்போது கல்லின் முகமே பெயர்ந்து வந்தால் அங்கே நிறுத்திவிடுவது நல்லது.

மூன்றாவது, பூசுதல். கல்லிடை இணைப்புகளைச் சுரண்டி, உப்பைத் துடைத்துத் தள்ளி, சுவரை நனைக்கவேண்டும். நன்கு ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பற்ற ஆற்றுமணல் மூன்று பங்கு என்பது பொதுக் கலவை. கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் மரபு. எக்கலவையாயினும் செங்கல்லைவிட மெலிவாய் இருப்பதே விதி. ஒரு படை ஏறத்தாழ 10 மி.மீ. தடிப்பு, அது இறுகிய பின்னரே அடுத்தது.

நான்காவது, பதப்படுத்தல். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாகிறது. இதற்குக் காற்றும் வேண்டும், சிறிது ஈரமும் வேண்டும். வெயிலில் சட்டென உலர்ந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். ஆகவே ஈரச்சாக்குத் தொங்கவிட்டு நிழல் தருக. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு உகந்தவை.

இறுதிப் படை சுண்ணாம்பு வெள்ளை. அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பவர் ஆவிப்போக்கை அடைத்து, இதுவரை செய்த செலவைத் தாமே கெடுக்கிறார்.