முதல் ஊசியின் வலி: குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வலிநீக்கத்தின் வரலாறு

குழந்தைகளின் புற்றுநோய் என்றதும் நோய் தரும் வேதனைதான் நினைவுக்கு வரும். ஆனால் இத்துறையில் வலிநீக்கம் வளர்ந்ததற்குச் சிகிச்சை தந்த வலியே பெரும் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். 1948இல் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் மருந்தால் ரத்தப் புற்றுநோய் சில குழந்தைகளிடம் தற்காலிகமாகத் தணிந்ததை அறிவித்தார். 1960களில் மெம்ஃபிஸின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் குழுவினர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, முழுக் குணத்தையே இலக்காக வைத்தார்கள். ஆயுள் கூடக்கூட ஊசிகளும் கூடின. மஜ்ஜைச் சோதனையும், முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுப்பதும், அதே வழியில் மருந்து செலுத்துவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன.

மஜ்ஜை எடுக்கும்போது தோலையும் எலும்பின் மேலுறையையும் லிக்னோகைன் மரத்துப்போகச் செய்யும். ஆனால் ஊசி எலும்புக்குள் இறங்கியபின் சிரிஞ்சை இழுக்கும் சில விநாடிகளில் எழும் வலியை அது தொடுவதில்லை. குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, பெரியவர்கள் கைகால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்வதே பல இடங்களில் வழக்கமாக இருந்தது. நம்மூரில் சொல்லும் ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்’ என்ற சமாதானம் இந்த ஊசிக்குப் பொருந்தாது.

குழந்தைக்கு வலி குறைவு, சீக்கிரம் மறந்துவிடும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை முதலில் எண்ணிக்கையால் அசைத்தவர் அயோவாவைச் சேர்ந்த செவிலியர் ஜோஆன் ஈலண்ட். அறுவைச் சிகிச்சை முடிந்த 25 குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். அவர்களில் 13 பேருக்கு வலிமருந்தே தரப்படவில்லை. 25 பேருக்கும் சேர்த்து 24 வேளை மருந்துதான். ஒப்பிட எடுத்துக்கொண்ட 18 பெரியவர்கள் பெற்றதோ 671 வேளை. அதன் பிறகு வலியை அளக்கும் முகப்படங்கள் வந்தன. 1987இல் கன்வல்ஜீத் ஆனந்தின் ஆய்வு, குறைமாதக் குழந்தையின் உடலும் அறுவை வலிக்கு எதிர்வினை காட்டுகிறது என்று நிறுவியது. குழந்தைப் புற்றுநோய் வலி குறித்த அமெரிக்கக் கருத்தரங்கின் அறிக்கை 1990இல் வெளியானது.

இவ்வளவுக்கும் பிறகு, ‘ஒரு நிமிட வலிதானே’ என்ற வாதம் மிஞ்சியிருந்தது. அதற்கு விடை 1998இல் வைஸ்மன், பெர்ன்ஸ்டீன், ஷெக்டர் வெளியிட்ட சிறிய ஆய்வில் கிடைத்தது. வாயில் சப்பும் ஃபெண்டனில் என்ற வலிமருந்தைச் சோதிக்கும் முந்தைய ஆய்வொன்றில் சில குழந்தைகளுக்கு உண்மை மருந்தும் சிலருக்குப் போலி மருந்தும் கிடைத்திருந்தன. அவர்களில் 21 பேருக்கு அடுத்தடுத்த ஊசிகளின்போது உண்மை மருந்தே கொடுத்துப் பார்த்தார்கள். முதல் முறை போலி மருந்து பெற்றிருந்த 8 வயதுக்குட்பட்ட குழந்தைகள், மருந்து கிடைத்த பிறகும் மற்றவர்களைவிடக் கூடுதல் வலியைத் தெரிவித்தனர். முதல் ஊசியின் வலி அடுத்த ஊசியின் மருந்தைப் பலவீனமாக்கியிருந்தது. 21 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊசி காத்திருக்கும் குழந்தைக்கு முதல் நாளிலேயே வலியைத் தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அதுவரை இருந்ததாக எனக்குப் படவில்லை.

அதே 1998இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான தனி வழிகாட்டியை வெளியிட்டது. வலி வந்தபின் கேட்டுக் கொடுக்காமல் மணிக்கணக்குப்படி மருந்து தரச் சொன்னது அது. 2012 வழிகாட்டி கோடீன் என்ற வலிமருந்தைக் கைவிட்டது. அதை மார்ஃபினாக மாற்றும் கல்லீரல் நொதி சில குழந்தைகளிடம் வேலை செய்வதே இல்லை, சிலரிடம் ஆபத்தான வேகத்தில் வேலை செய்கிறது. மருந்து நிறுவனங்களின் செல்வாக்கு பற்றிய சர்ச்சையால் அந்த வழிகாட்டியே 2019இல் திரும்பப் பெறப்பட்டது வேறு கதை.

இந்தியாவில் சிக்கல் சட்டத்தில் இருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினுக்குப் பல உரிமங்களைக் கட்டாயமாக்கியதால் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014 திருத்தம்தான் நடைமுறையை எளிதாக்கியது. தோலை மரத்துப்போகச் செய்யும், லிக்னோகைன், பிரிலோகைன் கலந்த களிம்புக்கு அந்த உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரம் இருக்காது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே தடவிக்கொண்டு வரும்படி, எந்த இடத்தில் என்று காட்டி, முந்தைய வருகையிலேயே தாயின் கையில் கொடுத்தனுப்பிவிடலாம்.