இந்தக் கற்கள் எதற்கு?



யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ரயேல் மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள் என்று யோசுவா நூலில் வாசிக்கிறோம். பிற்காலத்தில் பிள்ளைகள் அந்தக் கற்களைப் பற்றிக் கேட்டால், பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். நமது செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையிலும் அப்படிப்பட்ட கற்கள் நெடுக நிற்கின்றன. அவற்றைக் காப்பது யார் என்று இன்று சிந்திப்போம்.

முதலில் மாமல்லபுரம். பல்லவர் காலத்துக் குகைகளும் இரதங்களும் கடற்கரைக் கோயிலும் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது இவ்வூருக்கே. குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் ஊர் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் பல்லவர் கல்லில் ஒரு கீறல் விழுந்தால், அதைச் சரிசெய்யும் உரிமை மத்தியத் தொல்லியல் துறைக்கு மட்டுமே உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வகுத்திருக்கிறது.

கல்லை மட்டும் காத்தால் போதாது, அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் காக்க வேண்டும் என்று 1992 ஜூன் 16 அன்று அரசு அறிவித்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதை இறுக்கமாக்கியது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையோடு அனுமதி பெற்றே கட்ட முடியும். மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் படிக்க எளிது, அதற்குள் வாழ்வது எளிதல்ல. சின்னங்கள் ஊரெங்கும் சிதறிக் கிடப்பதால், இந்த வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஊரின் பெரும்பகுதியை மூடிவிடுகின்றன. மகனுக்குத் திருமணம் முடித்து, மாடியில் ஓர் அறை எடுக்க நினைக்கும் குடும்பம் என்ன செய்யும்? 1992க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கக்கூட மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். உலகம் வந்து வியக்கும் செல்வத்துக்கு விலை கொடுப்பவர்கள் அதன் நிழலில் குடியிருக்கும் எளியவர்களே. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

இருந்தாலும் அந்த வெற்று நிலம் வீணல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மணலை அரித்துச் சென்றபின், சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைப் பின்பற்றித் தோண்டியபோது, மணலுக்கடியில் பழைமையான முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. அதன் அடித்தளம் பல்லவருக்கும் முற்பட்ட செங்கல் கட்டுமானம். அந்த இடத்தில் மாடிக் கட்டடம் எழும்பியிருந்தால், அது என்றைக்கும் தெரியாமலே போயிருக்கும்.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வடக்கே கோவளத்தில் ஆர்க்காட்டு நவாபு காலத்துக் கோட்டை இருந்தது. 1752இல் கிளைவ் அதைக் கைப்பற்றினார். பின்பு அது தகர்க்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் ஒரு சொகுசு விடுதி இருக்கிறது. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையும் கல்லறைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் நிலைத்திருக்கின்றன. இன்னும் தெற்கே ஆலம்பறைக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். சுனாமியும் அதைச் சிதைத்தது. எஞ்சிய சுவர்கள் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளன.

இந்தப் பட்டியல்களில் இடம்பெறாத கட்டடங்களே மிகுதி: சத்திரங்கள், பள்ளிக்கூடங்கள், ஓட்டு வீடுகள், ஆலயங்கள். இவற்றையும் மனத்தில் கொண்டு 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்தனை காலம் மழையும் அரசமரக் கன்றும் காத்திருக்குமா?

கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தை 1808இல் ஜான் டி மான்டி என்ற போர்த்துக்கீசிய வணிகர் எழுப்பினார். இப்படிப் பழைய ஆலயம் உள்ள பங்குகள் பல. கூட்டம் பெருகும்போது, ‘இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம்’ என்ற பேச்சு எழுவது இயல்பே. அந்தத் தேவையும் உண்மையானது. ஆனால் இடிக்க ஒரு நாள் போதும். அதற்கு முன், அதைப் பழுதுபார்க்க முடியுமா, புதியதைப் பக்கத்தில் கட்ட இடமுண்டா என்று அறிந்தவரைக் கேட்போம். கட்டடத்தை அளந்து படமெடுத்து வைப்போம். சுவரில் முளைத்த கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுப்போம். கூரை ஒழுகலை அடுத்த மழைக்கு முன் அடைப்போம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே தேடுவோம்.

இவற்றுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை. நம் ஊரில் நூறு ஆண்டு கடந்த கட்டடம் எது, அதைக் கட்டியவர் யார், யாருடைய உழைப்பில் எழுந்தது என்று இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.